ரீஸ்டார்ட் கேட்டால் கேட்கட்டுமே

"அப்டேட் போட்டால் விண்டோஸ் மாதிரி ரீஸ்டார்ட் கேட்காது." விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்திருப்பவர்களின் பழைய பெருமை இது. நானும் பல வருடம் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது வாயைத் திறப்பதில்லை.

போன மாதம் ஒருநாள் காலையில் லேப்டாப்பில் அப்டேட் போட்டேன். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் சேர்ந்து வந்தது. ரீஸ்டார்ட் செய்யவில்லை, அதுதானே கெத்து! சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்குப் போகப் பென் டிரைவைச் செருகினால் அசையவே இல்லை. மூன்று போர்ட்டிலும் மாற்றிச் செருகி, துடைத்து, ஊதிப் பார்த்தாயிற்று. கடைசியில்தான் புரிந்தது. ஓடிக்கொண்டிருந்தது பழைய கெர்னல். அதன் மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னல் ஏற்றிக்கொள்ளும் துண்டுகள்) அப்டேட் வட்டிலிருந்து துடைத்துவிட்டது. பென் டிரைவுக்கான மாட்யூலைத் தேடிப் போனால் அந்த ஃபோல்டரே இல்லை.

ஓடும் புரோகிராமின் ஃபைலை லினக்ஸில் தாராளமாக மாற்றலாம். பெயர் புதிய ஃபைலுக்குப் போய்விடும்; பழையதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் அதை விடும்வரை அதுவும் வட்டில் இருக்கும். அதனால் நிறுவ ரீஸ்டார்ட் வேண்டாம், உண்மைதான். ஆனால் நிறுவியது வேறு, ஓடுவது வேறு. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது, இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தை அப்டேட் செய்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டால் நினைவகத்தில் பழைய ஓட்டை அப்படியே இருந்தது.

2013இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 18ஆம் பதிப்பு வந்தபோது, ரீஸ்டார்ட் செய்து, தனியாக நிறுவி, மறுபடி ரீஸ்டார்ட் ஆகும் முறையைக் கொண்டுவந்தார்கள். நானும் திட்டினேன். 2016 அக்டோபரில் அதே ஃபெடோராவில், டெஸ்க்டாப்புக்குள் டெர்மினல் (கட்டளை தட்டும் ஜன்னல்) திறந்து அப்டேட் ஓட்டிய சிலருக்குப் பாதியில் திரையே செத்துப்போய், பேக்கேஜ்கள் அரைகுறையாக நின்றன. அப்புறம் திட்டவில்லை.

"லைவ் பேட்ச் இருக்கே?" ரீஸ்டார்ட் இல்லாமலே ஓடும் கெர்னலுக்கு ஒட்டுப்போடும் அந்த வசதி இருக்கிறது, 2015இல் 4.0 கெர்னலிலேயே சேர்ந்தது. அது கெர்னலுக்கு மட்டும்தான். பெரும்பாலான புரோகிராம்கள் சார்ந்திருக்கும் ஜிலிப்சி நூலகத்தையும், டெஸ்க்டாப்பான க்னோமையும் அது தொடாது.

அதற்காகக் கால்குலேட்டர் அப்டேட்டுக்கும் இரண்டு தடவை பூட் ஆக வேண்டுமா? அது அநியாயம். செயலிகளை, அடித்தளத்தைத் தொடாமல் தனியாக நிறுவும் ஃபிளாட்பேக்கில் தள்ளிவிட்டு, கெர்னல், சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி, கிராபிக்ஸ் மாதிரி அடித்தளத்துக்கு மட்டும் ரீஸ்டார்ட் கேட்கட்டும். கேட்கலாம், ஆனால் பாதி வேலையில் கழுத்தைப் பிடிக்கக் கூடாது. சர்வர் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் கதை வேறு.

ரீஸ்டார்ட் செய்ததும் பென் டிரைவ் சமர்த்தாக வந்துவிட்டது. அதற்குள் ஜெராக்ஸ் கடையைத்தான் பூட்டிவிட்டார்கள்.