அந்தச் சமையல்காரர் செய்ததில் என்ன தப்பு?

நேற்றிலிருந்து அந்த சூஷி வீடியோவை ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். நிகிரி, அதாவது கையில் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்த சூஷி, அதன் மேல் ஊற்றக் கார மயோனைஸ் கேட்கிறார் வாடிக்கையாளர். "முதலில் ஒன்றை இப்படியே சாப்பிட்டுப் பாருங்களேன்" என்கிறார் சமையல்காரர். நடந்தது இவ்வளவுதான். அதற்குத் "திமிர்", "காசு கொடுக்கிறவன் கேட்டதைக் கொடு", "பச்சை மீனுக்கு இத்தனை பந்தாவா" என்று வரிசையாகப் பின்னூட்டங்கள். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் அங்கே போய்ச் சிரித்து வைத்திருக்கிறீர்கள். கியோத்தோவில் குடும்பம் நடத்துகிற எனக்கு அது உண்மையிலேயே வலித்தது.

அவர் முடியாது என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வாய் அப்படியே சாப்பிடச் சொன்னார்.

நிகிரியில் பாதி வேலை சோற்றில்தான் இருக்கிறது. வினிகர், உப்பு, சர்க்கரை சேர்த்து, உடம்புச் சூடு இருக்கும்போதே கையில் பிடிக்கிற சோறு அது. சோற்றுக்கும் மீனுக்கும் நடுவே வசாபி என்கிற காரமான பச்சை விழுதை அவரே அளவாக வைத்திருப்பார். சோயா சாஸை மீன் பக்கம் லேசாகத் தொட்டுக்கொண்டால் போதும். சோற்றுப் பக்கம் முக்கினால் உதிர்ந்துவிடும். இதன் மேல் மயோனைஸை ஊற்றினால் எந்த மீனும் ஒரே ருசிதான். பிறகு எதற்கு அந்த மனிதர் வருஷக்கணக்கில் கை பழகினார்?

"நீ சூஷி போலீஸா?" என்று கேட்பீர்கள். தெரியும். 2006-ல் ஜப்பான் வேளாண் அமைச்சராக இருந்த மட்சுவோகா, வெளிநாட்டு ஜப்பானிய உணவகங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கலாம் என்றார். அமெரிக்கப் பத்திரிகைகள் வைத்த பெயர்தான் அது. திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். கடைக்கு அரசாங்கம் முத்திரை குத்துவதை நானும் கேட்கவில்லை. 2016-ல் வெளிநாட்டுச் சமையல்காரர்களின் திறமைக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று நிலைகளில் சான்று தரும் ஏற்பாடு வந்தது. அது நல்ல காரியம். ஆனால் சமைப்பவருக்கு மட்டும் கற்றுக்கொடுத்து என்ன பயன்? ஒரு வாய் ருசித்துப் பார்க்கச் சொன்னதற்கே சாப்பிடுகிறவர் கேமராவைத் தூக்குகிறார்.

அடுத்தது, "டெம்புராவே போர்த்துகீசியர் கொண்டுவந்தது, ராமென் சீனாவிலிருந்து வந்தது, சால்மன் சூஷி நார்வேக்காரர்கள் பழக்கியது, இதில் அசல் எங்கே?" என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். எல்லாம் சரிதான். சாப்பாடு மாறும், மாறட்டும். வெளிநாட்டில் பிறந்த கலிஃபோர்னியா ரோல் சூஷியை நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் அதைச் செய்து பார்த்தவர்கள் பழையதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த சமையல்காரர்கள். பழையதை நாக்கில் வைக்கவே மாட்டேன் என்பவருக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? புளி இல்லாமல் தக்காளி சாஸ் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அதை ரசம் என்று வெளியூரில் விற்றால் நாம் சும்மா இருப்போமா?

இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி எனக்கு தாஷி என்கிற அடிப்படைச் சாறு வைக்கக் கற்றுக்கொடுத்தார். கொம்பு என்கிற காய்ந்த கடற்பாசியை ராத்திரியே தண்ணீரில் போட்டுவிட வேண்டும். காலையில் சிறுதீயில் வைத்து, கொதி வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, கட்சுவோபுஷி என்கிற, புகையூட்டிக் காயவைத்த மீனின் சீவலை ஒரு கைப்பிடி போட்டு, அது அடியில் படியும்வரை பொறுத்திருந்து வடிகட்ட வேண்டும். உப்புகூடப் போடாமல் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, "முதலில் இப்படியே குடி" என்று நீட்டினார். அந்தச் சமையல்காரர் கேட்டதும் இதையேதான். இந்தச் சாற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடித்தான் வேதியியலாளர் இகேடா கிகுனாயே 1908-ல் கொம்பிலிருந்து அந்த ருசியைத் தரும் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். இந்தச் சாறு சரியாக இல்லை என்றால் மிசோ சூப், உடோன் நூடுல்ஸ் எதுவுமே சரியாக வராது.

இதற்காக எவ்வளவு பாடுபடுகிறார்கள் தெரியுமா? புகையூட்டும்போது படிகிற பென்சோபைரீன் என்ற நச்சுப்பொருள் ஐரோப்பிய ஒன்றிய வரம்பை மீறுகிறது என்பதால் கட்சுவோபுஷியை அங்கே கொண்டுபோவது சிரமம். கட்சுவோபுஷிக்குப் பெயர்போன ஜப்பானிய ஊரான மகுராசாகிக்காரர்கள் பிரான்ஸின் கான்கார்னோவிலேயே ஆலை வைத்து, அங்கத்திய விதிகளுக்கு ஏற்பத் தயாரிக்கிறார்கள். விட்டுக்கொடுக்கத் தெரியாத ஆட்களா இவர்கள்?

"விலை ஜாஸ்தி" என்பவர்களுக்கு: ஆமாம், ஜாஸ்திதான். மலிவான கடையும் இருக்கிறது, அங்கே போங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய ஆதங்கம் வேறு. ஊரிலிருந்து யார் பேசினாலும் "சைவம் சாப்பிடுகிறவன் ஜப்பானில் பட்டினிதான்" என்கிறார்கள். சாதாரணக் கடைகளில் சிரமம்தான், மீன் சேராத சாறு அபூர்வம். ஆனால் புத்த மடங்களின் ஷோஜின் சமையல் என்று ஒன்று இருக்கிறதே! மீன் இல்லை, இறைச்சி இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. கொம்பும் காய்ந்த ஷீடாக்கே காளானும் ஊறிய சாறுதான் அடிப்படை. அம்மா வந்திருந்தபோது புத்த மடங்கள் நிறைந்த கோயாசான் மலையில் ஒரு கோயில் விடுதியில் தங்கினோம். எள்ளை அரைத்துக் கூழாகக் கிளறி உறையவைத்த கோமாதோஃபுவை, எனக்கு வைத்ததையும் சேர்த்து, அம்மாவே சாப்பிட்டுவிட்டார். இது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2013-ல் ஜப்பானிய உணவு மரபை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது எவ்வளவு கொண்டாடினார்கள்! சென்னையைச் சுற்றி இத்தனை ஜப்பானிய ஆலைகள், ஜப்பானியர்களுக்கென்றே உணவகங்கள். அங்கே இருக்கிற துணைத் தூதரகம் ஷோஜின் சமையல் தெரிந்த ஒருவரை அழைத்துவந்து, இலை போட்டு நூறு பேருக்குப் பரிமாறட்டும். மயோனைஸ் கேட்காமல் சாப்பிட ஆட்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு.