எட்டாவது மாடியை எங்கே காணோம்?

போன வருடம் சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் அம்மாவின் நான்கறை வீட்டை விற்றோம். பேசவந்த ஏஜென்ட் தம்பி கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்த புளோக்குக்கு இதுக்கு மேல போகாதுண்ணே" என்று ஒரு விலை சொன்னார். நான் சமையலறைக்குள் போய்க் கைப்பேசியில் அரசாங்கத்தின் தரவுத் தளத்தைத் திறந்தேன். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் மறுவிற்பனை விவரம் 1990 முதல் அதில் கிடக்கிறது. புளோக் எண், தெரு, எத்தனை அறை, பரப்பளவு, குத்தகை தொடங்கிய வருடம், விற்ற விலை எல்லாம் உண்டு. எங்கள் புளோக்கிலேயே சில மாதங்களுக்குள் மூன்று வீடுகள் கைமாறியிருந்தன. மூன்றும் தம்பி சொன்னதைவிடக் கூடுதல்.

திரும்பி வந்து காட்டினேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ஓ, பாத்துட்டீங்களா" என்று சிரித்துவிட்டு விலையை ஏற்றினார். அப்பா இந்த வீட்டை வாங்கிய காலத்தில் இதே விவரம் ஏஜென்ட் மண்டைக்குள்தான் இருந்தது. அவர் சொன்னதுதான் சந்தை விலை.

2014ல் அரசாங்கம் 'அறிவார்ந்த தேசம்' என்ற திட்டத்தை அறிவித்ததிலிருந்து செயலிகளுக்குக் குறைவில்லை. சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம் இல்லாமல் ஒரு வேலையும் நடப்பதில்லை. பார்க்கிங் கூப்பனைக் கிழித்த கை இப்போது திரையைத் தட்டுகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் முகப்புக்கு வந்து வரிசையில் நின்றதை வீட்டிலிருந்தே செய்கிறோம், அவ்வளவுதான். அலுவலகத்து அலமாரியில் இருந்த கணக்கு நம் கைக்கும் வருவதைத்தான் நான் பெரிய மாற்றம் என்பேன். அரசாங்கம் யோசிக்காத கேள்வியை அப்போது வேறு யாராவது கேட்கலாம்.

வட்ட ரயில் பாதைக் கதை நினைவிருக்கிறதா? 2016ல் ரயில்கள் காரணமே தெரியாமல் சமிக்ஞை இழந்து நின்றன. ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து நின்று, நவம்பரில் மறுபடியும் தலைதூக்கியது. பொறியாளர்கள் திணறியபோது, அரசாங்கத் தரவுக் குழுவைச் சேர்ந்த சில இளைஞர்களிடம் கோளாறுப் பட்டியல் போனது. எந்த ரயில், எந்த நேரம், எந்த இடம், எந்தத் திசை என்பதுதான் பட்டியல். அவர்கள் நேரத்தை ஒரு பக்கமும் நிலையங்களை இன்னொரு பக்கமும் வைத்துப் புள்ளி புள்ளியாக வரைந்தார்கள். புள்ளிகள் சாய்ந்த கோடுகளாக வரிசை பிடித்தன. நின்றுபோன ரயில்களுக்கு எதிர்த்திசையில் ஏதோ ஒன்று கடந்து போயிருக்கிறது! கடைசியில், எதிரே வரும் ரயில்களின் சமிக்ஞையைக் கெடுத்துக்கொண்டிருந்த பிவி46 என்ற ஒரே ரயில் பிடிபட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ரயிலுக்கு ஒரு கோளாறும் வரவில்லை. அதனால் பட்டியலில் அதன் பெயரே இல்லை. இல்லாத பெயரைத்தான் அவர்கள் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த விதத்தையும் நிரலோடு எழுதி எல்லோருக்கும் வெளியிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். நம் ஊரில் 'பிரச்சினை சரிசெய்யப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும் அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன்.

பேருந்து கதை எல்லோருக்கும் தெரிந்ததே. நிலப் போக்குவரத்து ஆணையம் வருகை நேரத்தை வெளியே கொடுத்தது, யார் யாரோ செயலி செய்தார்கள். வண்டியில் உட்கார இடம் இருக்கிறதா, நிற்கவாவது இடம் இருக்கிறதா என்பதுகூடத் தெரிகிறது.

எல்லாவற்றையும் அப்படியே திறந்துபோடு என்றும் என்னால் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுத் தளத்தில் பெயரைத் தட்டினால் அவருடைய முழு ஐசி எண்ணும், அதாவது அடையாள அட்டை எண்ணும் வந்தது. துறைகளுக்கு இடையே போன சுற்றறிக்கையைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் என்றார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஐசி எண் ரகசியம் அல்ல, அதைக் கடவுச்சொல்லாக வைக்காதே என்ற வாதம் சரிதான். ஆனால் அதை முதலில் நம்மிடம் சொல்லிவிட்டு, அப்புறம் கதவைத் திறந்திருக்க வேண்டும்.

டிரேஸ்டுகெதர் என்ற கொரோனாத் தொடர்புத் தடமறியும் செயலியின் கதை இன்னொரு விதம். தொற்றுத் தடம் கண்டறிய மட்டுமே என்று 2020ல் சொல்லி வாங்கிய தரவைக் காவல்துறையும் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில்தான் தெரியவந்தது. ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டிய சட்டம் பிப்ரவரியில் வந்தது. அந்தச் சட்டம் முதலிலேயே வந்திருந்தால் அம்மாவுக்கு நான் அவ்வளவு விளக்கம் சொல்லியிருக்க வேண்டாம். "அதான் கொரோனாவுக்குன்னு சொன்னியே?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. அரசாங்கத் தரவுத் தளத்தில் உள்ள அட்டவணைத் தலைப்புகள் ஆங்கிலம். அம்மாவுக்குப் பயன்படும் தரவு, டெங்கி கூடினால் வட்டாரத்தில் தொங்கும் பதாகைதான். மஞ்சள் என்றால் பத்துக்குக் குறைவான சம்பவங்கள், சிவப்பு என்றால் பத்தும் அதற்கு மேலும். நிறம் மாறிய அன்று பூந்தொட்டித் தட்டையெல்லாம் கவிழ்த்துவிடுவார். அதே எண்கள் இணையத்திலும் இருக்கின்றன, அம்மா அந்தப் பக்கம் போனதே இல்லை.

வீடு விற்றுச் சில மாதங்கள் கழித்து அந்த அட்டவணையை மறுபடி திறந்தேன். எங்கள் வீடும் ஒரு வரியாக வந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"எட்டாவது மாடின்னு போடலையே?"

"மாடியை மூணு மூணாச் சேர்த்துத்தான் போடுவாங்கம்மா. ஏழுலேருந்து ஒம்பது. வீட்டு நம்பரும் இருக்காது. எந்த வீடுன்னு கண்டுபிடிக்கக்கூடாதுல்ல."

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்ல. நமக்குத் தெரியும்ல."