மரத்தடியில் படுத்திருப்பவர் சோம்பேறி இல்லை

ஐரோப்பிய ஓவியர் பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த 'அறுவடைக்காரர்கள்' ஓவியத்தை யார் பகிர்ந்தாலும், "மரத்தடியில் ஒரு சோம்பேறி" என்று கீழே ஒருவராவது எழுதிவிடுகிறார். எனக்கு அது பொறுக்கவில்லை.

அவர் படுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பேரி மரத்தடியில் கால்களை அகல விரித்து, உடுப்பின் முடிச்சைத் தளர்த்திவிட்டு, வாய் பிளந்து கிடக்கிறார். வேலைக்கு டிமிக்கி கொடுத்தவன் இப்படியா தூங்குவான்? காலையிலிருந்து வெயிலில் நின்று அறுத்த உடம்பு அது.

அறுத்த பயிரும் லேசுப்பட்டதில்லை. கோதுமையில் குட்டை ரகங்கள் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். புரூகலின் வயலில் கோதுமை கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிற்கிறது. இடப்பக்கம் நீண்ட பிடி போட்ட அரிவாளை வீசுகிறார்கள், ஒவ்வொரு வீச்சுக்கும் இடுப்பு திரும்பியாக வேண்டும். அறுத்த பாதை வழியே ஒருவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஏறி வருகிறார். மரத்தடியில் மற்றவர்கள் கதிர்க்கட்டுகள் மேலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருவர் கிண்ணத்தை அப்படியே வாயில் கவிழ்த்துக் குடிக்கிறார். அந்தப் பசியை எத்தனை ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள்?

இதை வரையச் சொன்னவர் ஆன்ட்வெர்ப் நகரத்துப் பணக்கார வணிகர் நிக்லாஸ் யோங்கெலிங்க். தன் வீட்டில் மாட்ட, வருடத்தின் பருவங்களைக் காட்டும் வரிசையாகக் கேட்டார். அதில் ஐந்துதான் இன்று மிச்சம்: மூன்று வியன்னாவில், ஒன்று பிராகாவில், இது 1919 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். பணம் கொடுத்தவர் சுவரில் மாட்டப்போகும் படம். அதில் புரூகல் பண்ணையாரை வரையவில்லை, குதிரையில் உட்கார்ந்து மிரட்டும் மேற்பார்வையாளரையும் வரையவில்லை. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்களின் படத்தில்கூட, தூரத்தில் குதிரை மேல் ஒருவர் இருக்கிறார். புரூகலோ கண்ணுக்குப் பக்கத்தில், வலப்பக்க மூலை முழுவதையும், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கொடுத்துவிட்டார். உழைப்பவர் ஓய்வெடுப்பதும் வரையத் தகுந்த விஷயம் என்று அவர் நினைத்திருக்கிறார் என்றே நான் நம்புகிறேன். இந்தப் படத்தை நான் மதிப்பதற்குப் பொன்னிறக் கோதுமையைவிட அதுதான் காரணம்.

அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிய அளவுப் படம் இலவசமாகவே கிடைக்கிறது. கைப்பேசியில் பார்க்காதீர்கள், கணினியில் திறந்து பெரிதாக்குங்கள். தூரத்துக் குளத்தில் குளிப்பவர்கள் வரை தெரியும்.