பிள்ளையின் தலைமாட்டில் போன் வேண்டாம், மணிக்கூடு வையுங்கோ

எங்கள் மூத்தவனுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் ஏழரைக்குத்தான், ஆனால் கொழும்பின் காலி வீதியில் (Galle Road) காலை நேரம் வாகனம் எப்படி ஊர்ந்து போகும் என்பது தெரிந்த கதைதானே. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை வாசலுக்கு ஸ்கூல் வான் ஆறு பத்துக்கே வந்துவிடும். அப்படியென்றால் பிள்ளை ஐந்தேகாலுக்கு எழும்ப வேண்டும். கொழும்பில் வருஷம் முழுக்க அந்த நேரம் இருட்டுத்தான். போன வருஷம் இவருடைய பழைய போனில் பிள்ளைகளுக்கான அலாரம் ஆப் ஒன்றைப் போட்டு அவன் தலைமாட்டில் வைத்தோம்.

அந்த ஆப்பில் ஒரு நல்ல விஷயம் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் விரும்பிய குரலைப் பதிந்து வைக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா அனுப்பிய "எழும்பு ராசா, விடிஞ்சிட்டுது" என்ற குரலைத்தான் போட்டிருந்தோம். முதல் கிழமை சிரித்துக்கொண்டே எழும்பினான்.

தவணைப் பரீட்சை நாளன்று அது அடிக்கவில்லை. வான் போய்விட்டது. பிள்ளை அழுதுகொண்டே ஆட்டோவில் போனான். அன்ட்ராய்டு போன்கள் பற்றரியை மிச்சம் பிடிக்க, பின்னால் ஓடுகிற ஆப்களைத் தாங்களாகவே நிறுத்திவிடும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. செட்டிங்ஸுக்குள் போய் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரி. எடுத்தோம். அதற்குப் பிறகு ஒழுங்காக அடித்தது.

போனை நான் அந்த அறையை விட்டு எடுத்தது அதற்காக இல்லை. ஒரு நாள் விடியப்புறம் மூன்றே முக்காலுக்குத் தண்ணீர் குடிக்க எழும்பினேன். அவனுடைய போர்வைக்குள் நீல வெளிச்சம். மெதுவாக விலக்கிப் பார்த்தால் முழங்காலை மடக்கி, போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்தபடி, சத்தத்தை நிறுத்திவிட்டுக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறான். கண் இரண்டும் சிவந்துபோயிருந்தது. "என்ன அப்பன் செய்யிறாய்?" என்றேன். "மணி பாக்க எடுத்தனான் அம்மா" என்றான். பொய்யில்லை. மணி பார்க்கத்தான் எடுத்திருக்கிறான். எடுத்த கையோடு திருப்பி வைக்க ஏழு வயதுப் பிள்ளையால் முடியுமா?

இரவில் கண்ணில் படும் வெளிச்சம், அதிலும் நீல வெளிச்சம், நித்திரையை வரவழைக்கிற மெலடோனின் சுரப்பதைத் தடுக்கும். பிள்ளைகளின் கண்ணுக்குள் பெரியவர்களுடையதை விடக் கூடுதலான வெளிச்சம் போகும். ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்கிறது அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம். ஐந்தேகாலிலிருந்து ஒன்பதைக் கழித்துப் பாருங்கள். இரவு எட்டேகாலுக்கு அவன் நித்திரையாகியிருக்க வேண்டும். அப்பா வேலை முடிந்து பஸ்ஸில் வந்து சேரவே எட்டாகிவிடுகிற வீடுகளில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு நல்லாய்த் தெரியும். அப்படிக் கஷ்டப்பட்டுக் கிடைக்கிற நித்திரையையும் போனுக்குக் கொடுக்க முடியாது.

புறக்கோட்டையில் வட்ட மணிக்கூடு ஒன்று வாங்கினோம். ஒரே ஒரு சின்னப் பற்றரி, மேலே மணி, வேறு ஒன்றும் இல்லை. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது எங்கள் போன்கள் எல்லாம் செத்துக் கிடக்க, குசினிச் சுவரில் இருந்த பற்றரி மணிக்கூடுதான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது இரவில் சாப்பிட்டு முடிந்ததும் அவன் கட்டிலில் சப்பாணி கட்டி இருந்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, பின்பக்கத் திருகைத் திருப்பி அலாரம் முள்ளை ஐந்தேகாலில் கொண்டுவந்து நிறுத்துவான். பிறகு காதில் வைத்துக் கேட்பான். "ஐந்தேகால்" என்றால் சின்ன முள் ஐந்தைத் தாண்டிக் கொஞ்சம் நிற்கும் என்பது அப்படித்தான் அவனுக்கு விளங்கியது. விடிய அது அடித்தால் தானே நிற்பாட்டுகிறான், நான் கூப்பிட வேண்டியதில்லை. அம்மம்மாவின் குரல் இல்லாதது எனக்குத்தான் கவலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவவே போன் எடுக்கிறா.

சின்னவளின் கதை வேறு. நாலு வயது. முதல் ரயில் கடற்கரைப் பக்கம் போகிற சத்தத்துக்கே எழும்பி எல்லாரையும் எழுப்பிவிடுவாள். அவளுக்குச் சித்தி கனடாவிலிருந்து நிறம் மாறுகிற மணிக்கூடு கொண்டுவந்தா. சிவப்பு என்றால் படுத்திரு, பச்சை என்றால் எழும்பலாம். அவள் வழக்கமாக எழும்புகிற நேரத்துக்கே முதலில் பச்சையை வைத்தோம், பிறகு சில நாளைக்கு ஒருக்கால் ஐந்து ஐந்து நிமிஷமாகத் தள்ளினோம். இப்போது "பச்சை வந்திட்டுது!" என்று கத்திக்கொண்டு வருவது ஆறு மணிக்கு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இது அவ்வளவாக விளங்காது, அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

வட அமெரிக்காவிலிருந்து வருகிற மணிக்கூடு என்றால் அடப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். அங்கே 120, எங்களுக்கு 230. வெறும் 120 என்று இருந்தால் எரிந்துபோகும். இன்னொன்று, சில மணிக்கூடுகளில் காசு மாதிரித் தட்டையான பட்டன் பற்றரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக்கூடும். வாங்கும்போதே பின்பக்கத்தைத் திருப்பி, மூடிக்கு ஸ்குரூ பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.