பிராங்க்ளின் வக்கீல் அல்ல, வரலாற்றுப் பேராசிரியர்

அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜான் ஹோப் பிராங்க்ளின்தான் பிரவுன் வழக்கில் (அங்கே பள்ளிகளில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதை எதிர்த்த வழக்கு) வாதாடி ஜெயித்த வக்கீல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. வாதாடியது வக்கீல் தர்குட் மார்ஷலும் அவருடைய குழுவும். பிராங்க்ளின் அப்போது ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமப் பாதுகாப்பு தரும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14வது திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் பள்ளிப் பிரிவினையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று 1953இல் உச்ச நீதிமன்றம் கேட்டது. அதற்குப் பதில் தேடப் பழைய ஆவணங்களைப் புரட்டிக் கொடுத்த ஆய்வாளர்களில் இவரும் ஒருவர். தீர்ப்பு வந்தது 1954 மே 17.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது: இவருடைய அப்பா வக்கீல். 1921இல் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பர் குடியிருப்பைக் கொளுத்தியபின் கூடாரம் போட்டு அலுவலகம் நடத்திய மனிதர்.

"ஹார்வர்டு பட்டம் இருந்ததால் பிராங்க்ளினுக்கு எல்லாக் கதவும் திறந்தது" என்று சொல்வதும் வேடிக்கைதான். அங்கே முனைவர் பட்டம் வாங்கியது 1941இல். அந்தப் பட்டத்துக்கான ஆய்வுக்காக வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலேயின் ஆவணக்காப்பகம் போனபோது இவருக்கென்று தனி அறை ஒதுக்கினார்கள். வெள்ளை ஊழியர்கள் இவருக்கு ஆவணம் எடுத்துத் தர வேண்டாமே என்று, அலமாரிச் சாவியையே கையில் கொடுத்துவிட்டார்கள்! அப்புறம், 'எங்களுக்கு மட்டும் சாவி இல்லையா' என்று வெள்ளை ஆய்வாளர்கள் புகார் சொல்ல, அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

1956இல் புரூக்ளின் கல்லூரி வரலாற்றுத் துறைக்கே தலைவரானார். அப்போதும் அக்கம்பக்கத்தில் வீடு வாங்க வங்கிக் கடன் கிடைக்காமல் அலைந்தார்.