பனியை நக்கிய பாவம்

(கொடைக்கானல், நாயுடுபுரம். ஜனவரி மாத ஞாயிறு, காலை ஆறு மணி. ஒரு கத்தோலிக்க வீடு; இவர்கள் பேச்சில் ‘நன்மை’ என்பது பூசையில் தரும் நற்கருணை அப்பம். அடுப்புக்கு மேலே மலைப்பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்குகின்றன. வாசல் புல்லில் உப்புத் தூவியதுபோல உறைபனி.)

பாட்டி: என்னங்க, காபி. பூசை ஏழு மணிக்குத்தானே. நன்மை வாங்க ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்தினால் போதும்.

தாத்தா: வேண்டாம். ராத்திரி பன்னிரண்டிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

பாட்டி: அந்தச் சட்டம் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது!

தாத்தா: அதுதானே என் வயிற்றெரிச்சல். 1952 கிறிஸ்துமஸ் காலை. எனக்கு எட்டு வயது. கோயிலுக்குப் போகிற வழியில் புல்லில் இருந்த பனியை ஒரு நக்கு நக்கினேன். கூட வந்த பயல் சாமியாரிடம் போட்டுக்கொடுத்தான். தண்ணீர் குடித்தவனுக்கு நன்மை கிடையாது என்று தூண் ஓரமாக நிறுத்திவிட்டார்.

பாட்டி: பனி தண்ணீராகுமா?

தாத்தா: நானும் அதைத்தான் கேட்டேன். அதற்குத் தனியாகக் காதைத் திருகினார். அப்புறம் பார், 1953 ஜனவரி 6. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் ரோமில் கையெழுத்துப் போடுகிறார். தண்ணீர் குடித்தால் ஒருசந்தி விரதம் முறியாதாம். பன்னிரண்டே நாள்!

பாட்டி: பொறுத்திருக்கலாம்.

தாத்தா: யார், நானா, பாப்பரசரா? 1957-இல் மூன்று மணி நேரம் போதும் என்றார்கள். 1964-இல் ஒரு மணி நேரம். திருகின காது திருகினதுதான்.

(ஒவ்வொரு உறைபனிக்கும் பாட்டி இந்தக் கதையைக் கேட்டாக வேண்டும். காது திருகும் இடம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் நீள்கிறது.)

தாத்தா: அப்போது பூசை லத்தீனில்; பூசை உதவிக்கு அது வேறு. ‘ஆத் தேயும் க்வி லேத்திஃபிகாத் யுவெந்தூத்தெம் மேயாம்.’ வார்த்தைக்கு ஒரு குட்டு வாங்கிப் படித்தது.

பாட்டி: அர்த்தம்?

தாத்தா: ‘என் இளமையை மகிழ்விக்கும் தேவனிடம்’ என்று. அர்த்தம் தெரிந்தபோது லத்தீனும் போய்விட்டது, இளமையும் போய்விட்டது.

பாட்டி: நேற்று ஜபமாலையில் நீங்கள் மட்டும் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று பழைய ஜபத்தையே இழுத்துக்கொண்டிருந்தீர்கள். மற்றவர்கள் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி அடுத்த மணிக்கே போய்விட்டார்கள்.

தாத்தா: மாதாவுக்கு என் குரல் அந்த வார்த்தையில்தான் பழக்கம். மாற்றினால் யாரோ என்று நினைத்துக்கொள்வார். சரி, உனக்குக் கோபமே வராதா?

பாட்டி: வந்தது. நம் மூத்தவன் ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே போனானே, அப்போது. அவனுக்கு மோட்சம் கிடையாது என்று உங்கள் அம்மா சொன்னார்கள்.

(தாத்தா காபி டம்ளரையே பார்க்கிறார்.)

பாட்டி: 2007-இல் ரோமில் இறையியல் அறிஞர்கள், அப்படிப்பட்ட பிள்ளைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப இடமிருக்கிறது என எழுதினார்களாம். சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். எழுதட்டும். நான் அன்றைக்கே அவனுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டேன்.

தாத்தா: யாரிடம் கேட்டு?

பாட்டி: மாதாவிடம். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தானே. முதல் மணி அடித்துவிட்டது, மப்ளரைக் கட்டுங்கள்.

(வாசலில் தாத்தா மெல்லக் குனிகிறார். இரண்டு விரலில் ஒரு சிட்டிகைப் பனி.)

தாத்தா: இது தண்ணீர்தானே? சட்டப்படி ஒன்றும் இல்லையே?

பாட்டி: சட்டம் ஒன்றும் சொல்லாது. தொண்டைதான் சொல்லும். ஐயோ, என்னங்க இது!

தாத்தா: (நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு) அன்றைக்கு இன்னும் இனிப்பாக இருந்தது.