உண்மை விளக்கம்: கீத் ஹேரிங் ஓவியத்தைத் தொட்டால் எச்.ஐ.வி. பரவாது

சேலத்தில் அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “எய்ட்ஸில் இறந்தவனின் ரத்தம் கலந்த ஓவியங்கள் கண்காட்சிக்கு வருகின்றன, தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.”

இது முழுப் பொய். செய்தி சொல்வது அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங்கைப் பற்றி. 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், காலி விளம்பரப் பலகைகளின் கறுப்புத் தாளில் வெள்ளைச் சாக்பீஸால் வரைந்தவர் ஹேரிங். அதற்காகப் போலீஸ் அவரைக் கைதுகூடச் செய்தது. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த நிலையில், சீக்கிரமே தொற்றும் திறனை இழந்துவிடும். பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பகிர்ந்த ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் முக்கிய வழிகள். காகிதம், சட்டகம், கைகுலுக்கல் எதுவும் அதில் இல்லை.

தனக்கு எய்ட்ஸ் என்று 1988இல் தெரிந்தபின் ஹேரிங் ஒளியவில்லை. வெளிப்படையாகப் பேசினார், 1989இல் அறக்கட்டளை தொடங்கினார், 1990 பிப்ரவரி 16இல் 31 வயதில் இறந்தார். இதே பயத்தை எதிர்த்துச் சுவரொட்டி வரைந்த மனிதர் மீதே அதைப் பூசுவது எனக்குத் தாங்கவில்லை.

சரி, நம் ஊரில் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்துக் கூனிக்குறுகும், தொற்றுள்ளவர்களின் குடும்பங்களும் இருக்கின்றன. தொற்றுள்ளவரை ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) இலவசம். சந்தேகம் என்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்கள், அந்தச் செய்தியை அனுப்பியவருக்கும் இந்த எண்ணைக் கொடுங்கள்.